கோழி தின்னாத நாட்கள்

நவம்பர் நடுநாளுக்கு ஆறு நாள் முன்

இன்றும் மழை. கூடாரத் தோல் ஊறி நாறுகிறது. ஒர்கேசா ஊர் அதே மலைமேல் அதே மதிலுக்குப் பின்னால் இருக்கிறது. நாங்கள் கீழே அதே சேற்றில் இருக்கிறோம். கோழிக்கூண்டைப் பழுதுபார்க்க வந்த மெல்லிய பலகைகள் கொஞ்சம் மீந்துவிட்டன. அடுப்புக்கரியைக் குழைத்தால் மை. புலம்பலைக் கேட்க ஆளில்லாததால் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நான் நுமேரியஸ். பாதி ஆயுளை ரோமாபுரியின் படைக்குக் கொடுத்தவன். கோடையில் கோவேறு கழுதை ஒன்று உதைத்து முழங்கால் போயிற்று. ஊருக்குப் போனால் ஈட்டிக் காயம் என்று சொல்வதாக இருக்கிறேன். அணியில் நிற்க முடியாதவனை என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் புனிதக் கோழிகளின் கூண்டுக்காரன் காய்ச்சலில் செத்துப்போனான். எனக்குக் கோழி வளர்த்துப் பழக்கம் என்று எவனோ சொல்லிவைக்க, கூண்டு என்னிடம் வந்து சேர்ந்தது.

வேலை ஒன்றும் பெரிதில்லை. போருக்குக் கிளம்பும் நாள் விடியலில் தளபதியின் முன்னால் கூண்டைத் திறந்து மாவுருண்டைகளைப் போடவேண்டும். கோழிகள் அலகிலிருந்து சிந்தச் சிந்தத் தின்றால் தெய்வங்களுக்குச் சம்மதம். தின்னாமல் நின்றால் சம்மதமில்லை, படை நகராது. இவ்வளவு பெரிய படை ஆறு கோழிகளின் பசியை நம்பி நிற்கிறது. அந்தப் பசியை உண்டாக்குவது நான். முந்தைய நாளே தீனியை நிறுத்திவிட்டால் எந்தக் கோழியும் எந்தத் தெய்வத்தின் சார்பாகவும் தின்னும்.

எங்கள் ஆட்கள் நாளைப் பின்னோக்கித்தான் சொல்வார்கள். வரப்போகும் மாத நடுநாளுக்கு இத்தனை நாள் முன், அடுத்த மாத முதல்நாளுக்கு இத்தனை நாள் முன் என்று. படைக்காரனுக்குத் தோதான முறை. அவனுக்கு எப்போதும் எதற்கோ இன்னும் சில நாள் பாக்கி இருக்கும்.

நவம்பர் நடுநாளுக்கு நான்கு நாள் முன்

காலையில் கோதுமை அரைத்தேன், கூண்டைக் கழுவினேன், காலணிக்கு ஆணி அடித்தேன். பெரிய கறுப்புக் கோழிக்குத் 'தளபதியின் மாமியார்' என்று பெயர் வைத்திருக்கிறேன். யாரைக் கண்டாலும் கொத்துகிறது.

ஹெரியஸ் வழக்கம்போல் வந்தான். என் தங்கை சல்வியாவின் கணவன். எங்கள் நூற்றுவர் அணியில் முன்வரிசைக்காரன். தினமும் காவல் மாறியதும் நேராகக் கூண்டுக்கு வந்து குனிந்து பார்ப்பான். பார்த்துவிட்டு நெற்றியைத் தொட்டுக்கொள்வான். சிரிப்பு வரும், அடக்கிக்கொள்வேன்.

"எப்படி இருக்கு மச்சான் எல்லாம்?"

"உன் சாமிங்களுக்கு இன்னிக்கு வயித்துப்போக்கு மாப்ள."

"வாயைக் கழுவு. அதுங்க காதுல விழும்."

"நாளைக்கே நான் பட்டினி போட்டா தின்னும். போடலேன்னா தின்னாது. இதுல சாமி எங்கடா வந்துது?"

அவன் கோபப்படவில்லை. அவனுக்குக் கோபம் வருவதே குறைவு. "பட்டினி எல்லாருந்தான் போடுறாங்க. பசிச்சும் ஒரு ஜீவன் தின்னாம நிக்குதுன்னா, அதுதானே மச்சான் சேதி?" என்றான்.

நாங்கள் கிளம்பிய அன்று சல்வியா என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னாள்: "அண்ணே, அவர் யார் கூப்பிட்டாலும் முன்னாடி ஓடிருவார். நீதான் பின்னாடி பிடிச்சு இழுக்கணும். அவரில்லாம நீ மட்டும் வந்து நின்னுறாதே." அணியில் இருந்தவரை அவன் முதுகுக்குப் பின்னால்தான் நின்றேன். இப்போது கோழிக்குப் பின்னால் நிற்கிறேன்.

நவம்பர் நடுநாள்

சேதி வந்துவிட்டது. டிசம்பரோடு தளபதியின் பதவி முடிகிறது. புதியவர் ரோமாபுரியிலிருந்து கிளம்பத் தயாராகிவிட்டார். ஊர் அதற்குள் விழுந்தால் வெற்றி ஊர்வலம் இவருக்கு, விழாவிட்டால் வருகிறவருக்கு.

ஒர்கேசாவிலிருந்து தப்பி வந்த ஒருவன், உள்ளே தோல் பைகளை வேகவைத்துத் தின்கிறார்கள் என்கிறான். சும்மா உட்கார்ந்திருந்தால் பனி விழுவதற்குள் அவர்களே கதவைத் திறந்துவிடுவார்கள். சமையல்காரனுக்குக்கூடத் தெரிந்த விஷயம் இது. ஆனால் தளபதியால் சும்மா உட்கார முடியாது. ஏணிகள் செய்யச் சொல்லிவிட்டார்.

முதல் ஏணி எங்கள் அணிக்கு. முன்வரிசை முதலில். ஆகவே ஹெரியஸ்.

நவம்பர் நடுநாளுக்கு மறுநாள்

கறுப்பு நாள். இன்றைக்குப் போரும் கிடையாது, நல்ல காரியமும் கிடையாது. நாள் முழுக்க ஏணிக்கு மரம் செதுக்கும் சத்தம்.

டிசம்பர் முதல்நாளுக்குப் பதின்மூன்று நாள் முன்

நாளை விடியலில் தாக்குதல் என்று அறிவித்துவிட்டார்கள்.

நூற்றுவர் தலைவன் வோலேரோ வந்து கூண்டைப் பார்த்தான். முப்பது போர் பார்த்த முரடன், கையில் எப்போதும் திராட்சைக் கொடித்தடி. "தீனியை நிறுத்திட்டியா?" என்றான். நிறுத்திவிட்டேன் என்றேன்.

சாயங்காலம் குளிர் அதிகம். கோழிகள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நடுங்கின. பாவமாக இருந்தது. கொஞ்சம் கோதுமை ஊறவைத்தேன்.

டிசம்பர் முதல்நாளுக்குப் பன்னிரண்டு நாள் முன்

தின்னவில்லை.

தளபதி செந்நிற மேலங்கியில் நின்றார். படை முழுதும் பின்னால் நின்றது. மாவுருண்டைகளைப் போட்டேன். 'மாமியார்' வெளியே வந்தது, ஒன்றை மிதித்தது, திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டது. மற்றவை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு கோழி கண்ணை மூடித் தூங்கிவிட்டது.

"தின்னவில்லை, ஐயா" என்று உரக்கச் சொன்னேன். விதி அதுதான். கூண்டுக்காரன் வாயால் சொன்னால்தான் சகுனம்.

தளபதி கூடாரத்துக்குத் திரும்பினார். படை கலைந்தது. சிலருக்கு முகத்தில் நிம்மதியை மறைக்கத் தெரியவில்லை. எனக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். மதியம் நன்றாகச் சாப்பிட்டேன், கொஞ்சம் தூங்கினேன். கோழிகளுக்கு நேற்று இரக்கம் காட்டியது தப்பென்று எனக்குத் தோன்றவில்லை.

டிசம்பர் முதல்நாளுக்குப் பத்து நாள் முன்

ஹெரியஸ் இரண்டு நாளாக வரவில்லை. நானே நொண்டிக்கொண்டு போனேன். தோழர்கள் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள். இவன் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னடா, கஞ்சியில சகுனம் பாக்குறியா?"

சிரிக்கவில்லை. "வீட்டுலேர்ந்து கிளம்புறப்ப வாசப்படி தடுக்கிச்சு மச்சான். உள்ள போயி உக்காந்துட்டுக் கிளம்பியிருக்கணும். எல்லாரும் காத்திருக்காங்கன்னு அப்படியே வந்துட்டேன்."

"எனக்கும் தினம் தடுக்குது. முழங்கால்."

"முதல் ஏணின்னு எங்க அணி பேரைச் சொல்றாங்க. ஏறவேண்டிய அன்னிக்கே அதுங்க தின்னாம நிக்குது. யாரைப் பாத்து நிக்குதுன்னு எனக்குத் தெரியாதா?"

அவன் கிண்ணத்தைப் பக்கத்திலிருந்தவனிடம் கொடுத்துவிட்டான். நான் ஏதேதோ கேலி பேசிவிட்டு வந்தேன். உயிரோடு இருக்கிறான், அது போதும். பசி வந்தால் தானாகச் சாப்பிடுவான்.

டிசம்பர் முதல்நாளுக்கு எட்டு நாள் முன்

மழை. அகழி சரிந்து மறுபடி வெட்டினார்கள். புளித்த திராட்சைரசமும் தண்ணீருமாக வயிறு எரிகிறது. நாளை விடியலில் மீண்டும் தாக்குதலாம்.

கோழிகளுக்கு ஊறவைத்த கோதுமை. நிறைய.

டிசம்பர் முதல்நாளுக்கு ஏழு நாள் முன்

தின்னவில்லை என்று சொல்லி வாயை மூடுவதற்குள் துணைத்தளபதி அக்குத்தியஸ் முன்னால் வந்தார். நல்ல குடும்பத்துப் பிள்ளை, இளம் வயது, நகம் சுத்தமாக இருக்கும். எல்லோரும் கலையும்வரை காத்திருந்தார். பிறகு கூண்டுக்குள் கைவிட்டு 'மாமியாரை'த் தூக்கினார். கொத்து வாங்கிக்கொண்டே அதன் கழுத்தடியில் இரை தங்கும் பையை இரண்டு விரலால் அமுக்கிப் பார்த்தார். அது புடைத்திருந்தது எனக்குத் தெரியும்.

"என் பாட்டனார் பண்ணையில் நூறு கோழிகள் இருந்தன" என்றார்.

இதற்குத் தண்டனை என்னவென்று கேட்கவேண்டியதில்லை. தோழர்கள் கையில் தடி கொடுத்து என்னை அடித்தே கொல்லச் சொல்வார்கள்.

"உன்னைக் கொல்வது சுலபம், நுமேரியஸ். ஆனால் ஏன் கொன்றோம் என்று படைக்குச் சொல்லவேண்டிவரும். அதன்பிறகு எந்தக் கோழி தின்றாலும் ஒருவனும் நம்பமாட்டான். ஆகவே எனக்கு ஒன்றும் தெரியாது. இனிமேல் கூண்டின் பக்கத்தில் என் ஆட்கள் நிற்பார்கள். தீனி என் கையால் மட்டும்."

கோழியைப் பத்திரமாக உள்ளே விட்டுக் கதவைத் தாழிட்டுவிட்டுப் போனார். நான் அங்கேயே சேற்றில் உட்கார்ந்துவிட்டேன். முழங்கால் மட்டும் காரணம் இல்லை.

டிசம்பர் முதல்நாளுக்கு ஐந்து நாள் முன்

முகாமில் பேச்சே மாறிவிட்டது. முதல் தடவை தப்பித்தோம் என்று மகிழ்ந்தவர்கள் இப்போது மெதுவாகப் பேசுகிறார்கள். இந்த ஊரை எடுக்கத் தெய்வங்கள் விடாது, இங்கேயே சாகப்போகிறோம் என்கிறார்கள். ஒருவன் தன் கூடாரத்தில் பாம்பு வந்ததாகச் சொன்னான். இன்னொருவன் இல்லாத வால்நட்சத்திரத்தைப் பார்த்திருக்கிறான்.

ஹெரியஸ் இளைத்துவிட்டான். இன்று பயிற்சியில் ஏணியில் பாதி ஏறியதும் அவன் கையிலிருந்து கேடயம் நழுவி, கீழே நின்றவன் தோளில் விழுந்தது. வோலேரோ அவனைக் கீழே இறக்கிக் கொடித்தடியால் விளாசினான். ஹெரியஸ் கையைக்கூடத் தூக்கவில்லை.

பிறகு வோலேரோ என்னிடம் வந்தான். அடித்தவன் முகத்தில் கோபமே இல்லை.

"உன் மாப்பிள்ளைக்கு என்னய்யா ஆச்சு? போன வருஷம் இவனை மாதிரி ஒருத்தனும் ஏறலே. இப்போ கை நடுங்குது. கை நடுங்கறவன் செத்துருவான். அவன் சாவுறது இருக்கட்டும், பின்னால ஏறுறவனும் சாவான்."

"வேற வரிசைக்கு மாத்துங்களேன்."

"ஒருத்தனை மாத்தினா அத்தனை பேரும் கேப்பான். ஏன், மதில் மேலேர்ந்து விழறது அவனுக்கு மட்டுந்தான் வலிக்குமா?"

அவன் போனபிறகு நெடுநேரம் மழையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஹெரியஸ் ஏறாமல் இருக்கத்தான் கோழிகளுக்குப் போட்டேன். இரக்கம், குளிர் என்றெல்லாம் எழுதி வைத்தது இருக்கட்டும். ஹெரியஸை மதிலிலிருந்து காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, மதிலில் அவனைக் காப்பாற்றக்கூடிய ஒரே பொருளைப் பிடுங்கிவிட்டேன். நம்பிக்கை இல்லாமலே இத்தனை ஆண்டு நான் பிழைத்துவிட்டேன். அதனால் அது ஒருவனுக்கு எவ்வளவு வேண்டியிருக்கிறது என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. வெட்கமாக இருக்கிறது. பயமாகவும் இருக்கிறது.

டிசம்பர் முதல்நாளுக்கு முந்திய நாள்

நாளை தாக்குதல். அக்குத்தியஸின் ஆட்கள் நேற்றிலிருந்து கூண்டில் ஒரு தானியம் விழவிடவில்லை. கோழிகள் கம்பியைக் கொத்துகின்றன. நாளைக்குத் தின்றுவிடும். ஆனால் ஹெரியஸுக்கு அது போதாது. இரண்டு முறை மறுத்துவிட்டு மூன்றாவது முறை சம்மதித்தால், மறுத்த தெய்வம் ஏதோ வாங்கிக்கொள்ளாமல் விடாது என்று அவன் நினைப்பான்.

நாளைக்கு இப்படியே ஏறினால் செத்துவிடுவான். சொல்லிவிடுவது என்று முடிவுசெய்தேன்.

மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஓடைக்குத் தண்ணீர் எடுக்கப் போகிற சாக்கில் அவனைக் கூட்டிப்போனேன். ஓடையில் தண்ணீர் சத்தம், ஒட்டுக்கேட்க முடியாது.

"மாப்ள, அந்த ரெண்டு தடவையும் தின்னாம நின்னது தெய்வம் இல்ல. நான். வயிறு முட்டப் போட்டேன்."

அவனுக்குப் புரிய நேரமானது. "ஏன்?"

"ஏன்னு தெரியாதா?"

குடத்தைக் கீழே வைத்தான். "எனக்காகவா?"

"வேற யாருக்கு? தளபதிக்காகவா?"

நான் அடி விழும் என்று எதிர்பார்த்தேன். அவன் மூச்சை இழுத்து விட்டான். பத்து நாளாக அடைத்துக் கிடந்த மூச்சு. "அப்போ என்னைப் பாத்து இல்ல" என்றான். "என்னைப் பாத்து நிக்கல அதுங்க."

"உன்னைப் பாத்து இல்லவே இல்ல. உன்மேல ஒரு குத்தமும் கிடையாது. வாசப்படியும் கிடையாது, ஒண்ணும் கிடையாது."

"தெய்வத்தை ஏமாத்தினா சும்மா விடாதே மச்சான். அது யார் மேல விழும்?"

இங்கேதான் எனக்குப் புத்தி வந்ததாக நினைத்தேன். அவன் நம்புகிற விதியாலேயே அவனைத் தேற்றிவிடலாம். "விதி உனக்கே தெரியும். கூண்டுக்காரன் சொல்றது படைக்குச் சகுனம். அவன் தப்புப் பண்ணியிருந்தா, அது அவனோட போச்சு. படையைத் தொடாது, உன்னைத் தொடாது. வந்தா என்மேலதான் வரும். நீ நிம்மதியா ஏறு."

"உன்மேல மட்டுமா?"

"என்மேல மட்டும்."

"நாளைக்கு நீ எங்க நிப்பே?" என்று கேட்டான்.

"கூண்டுக்காரன், கழுதைக்காரன், சமையல்காரன் எல்லாரும் ஏணி தூக்கணுமாம். மூணாவது ஏணி, கடைசி ஆள். நொண்டிக்கு அதுதான் சரியான இடம்."

தலையாட்டினான். குடத்தைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான். முகாமுக்கு வந்ததும் கஞ்சி கேட்டு வாங்கிக் குடித்தான், மறுபடி வாங்கிக் குடித்தான். பயிற்சியில் கை நடுங்கவில்லை. வோலேரோ என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினான்.

நிம்மதியாக இருக்கிறது. சல்வியா, உன் புருஷனை உனக்குத் திருப்பித் தந்துவிடுவேன் போலிருக்கிறது.

டிசம்பர் முதல்நாள், விடியல்

தின்றன. சிந்தச் சிந்தத் தின்றன. படை ஆரவாரிக்கிறது.

டிசம்பர் ஐந்தாம் நாளுக்கு முந்திய நாள்

இன்றைக்குத்தான் கை எழுத வருகிறது. நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

மூன்றாவது ஏணியின் கடைசிக் காலைத் தோளில் வைத்துக்கொண்டு சரிவில் ஏறினேன். மதிலில் ஆட்கள் மிகக் குறைவு. அம்பு அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்தது. இடப்பக்கம் முதல் ஏணி சாய்வது தெரிந்தது. ஹெரியஸ் மேலே போகிறானா என்று பார்த்தேன். அவனைக் காணவில்லை. முதலில் ஏறியவன் வேறு எவனோ.

நாங்களும் ஏணியை மதிலில் சாய்த்தோம். தூக்கி வந்தவர்கள் அடியைப் பிடித்துக்கொள்ளவேண்டும், வீரர்கள் ஏறவேண்டும். எனக்குக் கேடயம் கிடையாது. கூண்டுக்காரனுக்கு யார் கேடயம் கொடுப்பார்கள்? இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்து நின்றேன். திடீரென்று மேலே வெளிச்சம் மறைந்தது. என் தலைக்கு மேல் ஒரு கேடயம்.

ஹெரியஸ். தன் அணியை விட்டு, ஏணியை விட்டு, மதிலோரமாகவே ஓடி வந்திருக்கிறான். சண்டையில் இடத்தை விட்டு நகர்ந்தால் தலை போகும். அது அவனுக்கும் தெரியும்.

"ஏன்டா வந்தே? உன் இடம் அங்கடா! போடா!"

"இன்னிக்கு அது உன்னைத் தேடித்தான் மச்சான் வரும். தனியா விடமுடியுமா?"

அவன் முகத்தில் பயம் ஒரு துளி இல்லை. ஓடையில் குடத்தைத் தூக்கியபோதே முடிவுசெய்துவிட்டிருக்கிறான். அவனைத் தேற்ற நான் சொன்னதை அவன் ஒரு வார்த்தை விடாமல் நம்பியிருக்கிறான்.

"அதெல்லாம் சும்மா சொன்னேன்டா. ஒண்ணும் வராது. மேல ஒருத்தனும் இல்ல. போடா!"

"நீ எப்பவும் அப்படித்தான் சொல்லுவே."

கேடயத்தை முழுக்க என் மேல் பிடித்திருந்தான். அவனுக்கு மிஞ்சியது விளிம்புதான். மேலிருந்து திரிகைக்கல் ஒன்று விழுந்தது. அரைக்க ஒரு மணி தானியம் இல்லாத ஊர். கல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள்? கேடயத்தின் ஓரத்தில் பட்டு அவன் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இறங்கியது. அண்ணாந்து பார்த்தேன். கல்லைத் தள்ளியது ஒரு பெண். எலும்பும் தோலுமாக இருந்தாள். அவளுக்கே அந்தக் கனம் தாங்காமல் மதிலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

நான் ஏணியை விட்டுவிட்டு அவனை மடியில் கிடத்தினேன். இரத்தம் அதிகம் வரவில்லை. பேச முடிந்தது.

"முடிஞ்சுது மச்சான். வந்ததை நான் வாங்கிக்கிட்டேன். இனிமே உனக்கு ஒண்ணும் வராது."

"ஆமாடா" என்றேன். வேறென்ன சொல்வேன்.

கொஞ்சநேரத்துக்கெல்லாம் மேலே எங்கள் கொம்பு ஊதியது. ஊர் விழுந்துவிட்டது. கதவைத் திறந்து பார்த்தால் வாள் பிடிக்கத் தெம்புள்ள ஆண்கள் கைவிரலுக்குள் அடங்குவார்கள். பத்து நாள் சும்மா இருந்திருந்தால் போதும்.

வோலேரோ வந்து பார்த்தான். ஹெரியஸ் எங்கே கிடக்கிறான், எங்கே கிடந்திருக்கவேண்டும் என்று அவனுக்குத் தெரியாதா? குனிந்து கண்களை மூடிவிட்டான். "முதல் ஏணியடியில விழுந்தான்னு நான் சொல்லிக்கிறேன்" என்றான். தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கால்பக்கம் அவனே பிடித்துத் தூக்கினான்.

டிசம்பர் ஐந்தாம் நாள்

அக்குத்தியஸிடம் போனேன். கூடாரத்தில் உட்கார்ந்து ரோமாபுரிக்கு வெற்றிச் செய்தி எழுதிக்கொண்டிருந்தார்.

"ஐயா, நான் கோழிகளுக்குத் தீனி போட்டவன். இரண்டு முறை. எனக்கு உரிய தண்டனையைக் கொடுங்கள்."

தலை நிமிரவில்லை. "கோழிகள் தின்றன. ஊர் விழுந்தது. அதற்கு முன்னால் ஒன்றும் நடக்கவில்லை."

"நடந்தது, ஐயா. அதனால் ஒருவன் செத்தான்."

இப்போது நிமிர்ந்தார். கெட்ட மனிதர் இல்லை, களைத்த முகம். "இந்த மலையில் நிறையப் பேர் செத்தார்கள், நுமேரியஸ். ஒவ்வொருவனுக்கும் காரணம் தேடினால் நான் எழுதி முடிக்க முடியாது. காலைப் பார்த்துக்கொள். வசந்தத்தில் உன்னை ஊருக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன்."

அடிப்பார் என்று போனவனுக்கு வீட்டுக்குப் போகும் அனுமதி கிடைத்தது. வெளியே வந்து ஒரு வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதேன். கடந்துபோனவர்கள் வெற்றியின் களிப்பு என்று நினைத்திருப்பார்கள். ஒருவன் முதுகைத் தட்டிக்கொடுத்தான்.

டிசம்பர் நடுநாளுக்கு ஐந்து நாள் முன்

பனி விழத் தொடங்கிவிட்டது. ஹெரியஸை எரித்த சாம்பலைத் துணியில் கட்டி வைத்திருக்கிறேன்.

நாள் முழுக்க ஒன்றையே யோசிக்கிறேன். அவன் சொன்னது நிஜமென்றால், எனக்கு வரவேண்டியதை அவன் வாங்கிக்கொண்டான். ஒரு மனிதன் இன்னொருவனுக்காகச் செய்யக்கூடியதில் அதற்கு மேல் இல்லை. அப்படி இல்லையென்றால், பசித்த பெண்ணொருத்தி தள்ளிய கல்லில், என்னுடைய சமாதானப் பேச்சை நம்பியதற்காக, ஒன்றுமில்லாததற்குச் செத்தான். இரண்டில் ஒன்றைத்தான் சல்வியாவிடம் சொல்ல முடியும். எதைச் சொல்வது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் பொய்யாகச் சொன்னால் அவள் கண்டுபிடித்துவிடுவாள். சின்ன வயதிலிருந்தே என் முகம் அவளுக்குப் பாடம்.

மதியம் தளபதி கூடாரத்துக்கு முன்னால் இருக்கும் பலிபீடத்துக்குப் போனேன். இத்தனை ஆண்டில் நானாகப் போனதில்லை. வோலேரோ அங்கே இருந்தான். இதெல்லாம் எப்படிச் செய்வது என்று அவனிடம் கேட்டேன். இவ்வளவு வயதாகியும் தெரியாதா என்று அவன் கேட்கவில்லை. மேலங்கியின் ஓரத்தை இழுத்து என் தலையை மூடிவிட்டான், கையில் திராட்சைரசக் கிண்ணத்தைக் கொடுத்தான், தள்ளிப்போய் நின்றுகொண்டான்.

ரசத்தை ஊற்றினேன். என்ன சொல்வதென்று தெரியவில்லை. என்னை விட்டுவிடுங்கள் என்று கேட்கவில்லை, வேண்டுமானால் வாருங்கள். அவன் வாங்கிக்கொண்டதாகச் சொன்னான், அது பொய்யாகிவிடக் கூடாது, அவ்வளவுதான் என்றேன். இரண்டு முறை சொன்னேன். ஒரு சத்தமும் இல்லை, பனிதான் விழுந்துகொண்டிருந்தது. துணிக்குள் தலையை வைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன். கேட்பதற்கு யாராவது இருக்கவேண்டும் என்று வாழ்க்கையில் முதல்முறையாக ஆசைப்பட்டேன்.